பழைய அட்டையும் புதிய பெட்டியும்

கோயிலும் தறியும் காஞ்சி மாநகருக்கு இரு கண்கள் எனலாம். விண்ணளாவிய கோபுரங்களைக் காண விழைந்து அந்நகருக்குச் செல்வோர், தெருக்களில் நடக்கும்பொழுது வீடுகளினின்று எழும் தறியோசையையும் கேட்பர். காஞ்சிப் பட்டு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பட்டின் பெருமைக்கு அதன் நிறமும் உறுதியும் மட்டுமே காரணங்கள் அல்ல. கரையிலும் முந்தானையிலும் அமைந்த அன்னம், மயில், மாங்காய், கோபுரம் முதலிய வடிவங்களும் பெருங்காரணமாம்.

அவ்வடிவங்கள் தறியில் எவ்வாறு தோன்றுகின்றன? தறியின் மேல் ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதனை ஜக்கார்டுப் பெட்டி என்பர். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு என்பார் 1804ஆம் ஆண்டில் அமைத்த பொறி அது. துளையிட்ட அட்டைகள் பல ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாலைபோல் அதிலே தொங்கும். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை என்பது கணக்கு. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி மேலெழும். கொக்கியோடு பிணைந்த பாவிழையும் உயரும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்படும். அங்குள்ள இழை உயராது. உயர்ந்த இழைகளுக்கும் உயராத இழைகளுக்கும் இடையே நாடா ஓடும். இவ்வாறு அட்டைக்கு அட்டை இழைகள் மாறி மாறி எழுந்து, அன்னமும் மயிலும் துணியில் உருப்பெறுகின்றன.

ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். 240 கொக்கிகள் உள்ள பெட்டிக்கென்று துளையிட்ட அட்டையை, வேறு எண்ணிக்கையும் வேறு இடைவெளியும் உடைய பெட்டியில் மாட்டினால் என் ஆகும்? துளை ஓரிடத்தில் இருக்கும். ஊசி வேறோரிடத்தில் இருக்கும். அன்னம் சிதையும், அன்றேல் அட்டை பெட்டியில் அமையவே அமையாது. அட்டையில் பிழை இல்லை. பெட்டியிலும் குறை இல்லை. இரண்டுக்கும் இடையே பொருத்தம் இல்லை, அவ்வளவே. இவ்வெளிய உண்மையை மனத்திற் கொண்டால், கணினியுலகில் இன்று பலரை வருத்தும் ஒரு சிக்கலை நாம் தெளிவாக உணர்ந்துகொள்ளலாம்.

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு வெறும் உவமை அன்று. 1837ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லசு பாபேஜ் ஒரு பெருங்கணக்குப் பொறியைத் திட்டமிட்டார். அப்பொறிக்குக் கட்டளையிடும் வழியாக ஜக்கார்டின் துளையட்டைகளையே அவர் தேர்ந்தார். அமெரிக்க நாட்டின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு, ஹொல்லரித் என்பார் அமைத்த துளையட்டைப் பொறிகளால் தொகுக்கப்பட்டது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே குறிகளால் கட்டளையிடும் அம்முறையே, ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளால் இயங்கும் இற்றைக் கணினிக்கு முன்னோடியாயிற்று. தறியினின்று சென்ற கருத்து இன்று தறிக்கே மீண்டு வந்துள்ளது. முன்பு கட்டத்தாளில் புள்ளி புள்ளியாக வரைந்த வடிவங்கள் இப்பொழுது கணினித் திரையில் வரையப்படுகின்றன. அட்டையே வேண்டாத மின்னணு ஜக்கார்டுகளும் வந்துவிட்டன.

கணினியில் நாம் செய்ய விரும்பும் பணிக்குரிய கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்கிறோம். கடிதம் எழுத ஒரு மென்பொருள், கணக்கு வைக்க ஒரு மென்பொருள், சேலையின் கரை வடிவத்தை வரைய ஒரு மென்பொருள் எனப் பணிதோறும் வேறுபடும். இவை பொறியோடு நேரே பேசுவதில்லை. இடையே நின்று பொறியை ஆளும் தலைமை மென்பொருள் ஒன்றன் வழியாகவே பேசும். அதற்கு இயங்குதளம் என்பது பெயர். ‘இக்கோப்பைத் திற’, ‘இதனை அச்சிடு’, ‘திரையில் இக்கோட்டை வரை’ என்று மென்பொருள் வேண்டும். இயங்குதளம் அதனைக் கேட்டு நிறைவேற்றும். மென்பொருள் அட்டை என்றால், இயங்குதளம் அவ்வட்டையை ஏற்கும் பெட்டி என்னலாம்.

இப்பெட்டி மாறாமல் இருப்பதில்லை. விண்டோஸ் என்னும் இயங்குதளக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டில் ஒரு பதிப்பு வந்தது. 2001ஆம் ஆண்டில் எக்ஸ்பி என்னும் பதிப்பு வந்தது. அதன்பின் 2007, 2009, 2015, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பதிப்புகள் பல தோன்றின. எக்ஸ்பிக்கு அதனை ஆக்கிய நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 10க்கு அளித்த பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. ஆதரவு முடிதலாவது, புதிதாகக் கண்டறியப்படும் குறைகளை அடைக்கும் திருத்தங்கள் வழக்கம்போல் வாராமல் நிற்றல்.

பெட்டி மாறியதும் பழைய மென்பொருள்கள் சில இயங்க மறுப்பது ஏன்? காரணங்கள் நான்கு.

முதலாவது, அடிப்படை அளவின் மாற்றம். தொடக்கக் காலத்து மென்பொருள்கள் 16 பிட் என்னும் அளவிற்கு எழுதப்பட்டவை. பின்னர் 32 பிட் வந்தது. இப்பொழுது 64 பிட் நிலவுகின்றது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் மென்பொருளை ஏற்பதில்லை. விண்டோஸ் 11க்கோ 64 பிட் வடிவம் ஒன்றே உண்டு.

இரண்டாவது, காவலின் மிகுதி. பழைய மென்பொருள்கள் பல, இயங்குதளத்தைக் கேளாமலே அச்சுப்பொறி முதலியவற்றை நேரே தொட்டு இயக்கின. வாயிற்காவலன் இல்லாத வீட்டில் உறவினர் நினைத்தபடி நுழைவது போன்றது அது. எக்ஸ்பி வந்தபின் அவ்வழி அடைபட்டது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிற்குப்பின் காவல் இன்னும் கடுமையாயிற்று. இயங்குதளத்திற்குரிய இடங்களில் முன்போல் கோப்புகளை எழுதிவைக்க மென்பொருள்களால் இயலவில்லை.

மூன்றாவது, துணைக்கருவிகளின் மறைவு. விலையுயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றைக் களவாடாமல் காக்க, கணினியின் பின்புறத்து அச்சுப்பொறித் துளையில் சிறு சாவிக்கருவி ஒன்றைச் செருகிவைப்பர். இற்றைக் கணினிகளில் அத்துளையே இல்லை. பூட்டு இருக்கின்றது, சாவியும் இருக்கின்றது, சாவியை நுழைக்கும் வாய் மறைந்துவிட்டது!

நான்காவது, கோப்பின் தனிமொழி. ஒவ்வொரு மென்பொருளும் தன் கோப்பைத் தனக்கே உரிய முறையில் எழுதிவைப்பதுண்டு. அம்மென்பொருள் இயங்காதபொழுது, கோப்பு கையில் இருந்தும் அதனைப் படிப்பார் இலர். இந்நான்கனுள் இதுவே பெருங்கேடு. முந்திய மூன்றும் கருவியின் இழப்பு. இது பொருளின் இழப்பு.

பழைய சேலை ஒன்று கையில் இருந்தால், தேர்ந்த கைவினைஞர் இழைகளை எண்ணிப் பார்த்து, அதன் வடிவத்தைக் கட்டத்தாளில் மீண்டும் வரைந்துவிடுவர். பழைய அட்டை மாலை இருந்தாலும் துளைகளை எண்ணி வடிவத்தை உய்த்துணரலாம். திறவாத கோப்போ கண்ணுக்கும் புலனாகாது, கைக்கும் அகப்படாது. பல திங்கள் உழைத்து வரைந்த முந்தானை வடிவம் அதனுள்ளே இருக்கலாம். ஆயினும், படிக்கும் மென்பொருள் இல்லாத வரையில் அஃது இருந்தும் இல்லாததே.

இவ்விடர்ப்பாடு நெசவாளர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் எழுதுவோர் அனைவரும் கண்டதாகும். கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்த குறியெண்களின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்களை ஆக்கினர். ஒவ்வோர் எழுத்துருவாளரும் வெவ்வேறு வகையாக வைத்தனர். அதனால், ஒருவர் ‘அம்மா’ என்று எழுதி அனுப்பியது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றிற்று. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் பயனாகத் ‘தமிழ் 99’ விசைப்பலகையும், தாம், தாப் எனப்படும் குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் ஒருங்குறி என்னும் முறையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு, ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் தரமென ஏற்றது. இன்று கணினியிலும் கைப்பேசியிலும் நாம் எழுதும் தமிழ் ஒருங்குறித் தமிழேயாம்.

ஆயினும், அதற்கு முன்னர் எழுதிவைத்த நூல்களும் கணக்குகளும் கடிதங்களும் என்னாயின? அவை பழைய எழுத்துருவிலும் பழைய மென்பொருளிலும் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றை மாற்றுதல் எளிதென்று எண்ணற்க. ‘கொ’ என்னும் எழுத்தைப் பழைய முறை கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் வைக்கும். ஒருங்குறியோ முதலில் ககரத்தை வைத்து, அதன்பின் ஒகரக் குறியை வைக்கும். ஆதலின், எழுத்துக்கு எழுத்து மாற்றினாற் போதாது. வரிசையையும் மாற்றுதல் வேண்டும். ‘கௌரவம்’ என்னும் சொல்லில் வரும் ஔகாரக் குறியின் பிற்பகுதி, ளகரத்தின் வடிவையே உடையது. பழைய முறை சிலவற்றில் இரண்டுக்கும் குறியெண் ஒன்றே. மாற்றும் மென்பொருள் அதனைக் ‘கெ’ என்றும் ‘ள’ என்றும் பிரித்துவிட்டால், நம் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால், கணினியில் அச்சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஏடு பெயர்த்தெழுதியோர் முற்காலத்தில் எத்துணை விழிப்புடன் ஒப்பு நோக்கினரோ, அத்துணை விழிப்பு இங்கும் வேண்டும்.

இனி, பழைய மென்பொருளைக் கைவிடாமல் பயன்படுத்தும் வழிகளைக் காண்போம்.

பழைய கணினியை அப்படியே வைத்துக்கொள்ளுதல் முதல் வழி. இதில் செலவில்லை; மாற்றமும் இல்லை. ஆனால் இரண்டு அச்சங்கள் உண்டு. உறுப்பொன்று பழுதுபட்டால் மாற்றுறுப்புக் கிடைப்பது அரிது. மேலும், அது வலைத்தொடர்பில் இருந்தால் நச்சுநிரல்கள் எளிதிற் புகும். 2017ஆம் ஆண்டு மே திங்களில் ‘வான்னாகிரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரித்தானிய மருத்துவமனைகள் பல அதனால் இடர்ப்பட்டன. அந்நிரல் நுழைந்த குறையை அடைக்கும் திருத்தம் மார்ச்சுத் திங்களிலேயே வெளிவந்திருந்தது. அதனைப் பொருத்தாத கணினிகளும், ஆதரவு முடிந்தமையால் அதனைப் பெறாத கணினிகளும் அல்லற்பட்டன. எனவே, பழைய கணினியை வைத்திருப்போர் அதனை வலைத்தொடர்பினின்று நீக்கியே வைத்தல் வேண்டும்.

புதிய இயங்குதளத்தையே பழையது போல நடிக்கச் செய்தல் இரண்டாவது வழி. விண்டோஸில் ஒரு மென்பொருளின் பண்புகளைத் திறந்தால், ‘இன்ன பழைய பதிப்புக்கு ஏற்ப இயக்குக’ என்று தெரிவு செய்யும் வசதி உண்டு. அதனைத் தெரிவு செய்தால், மென்பொருள் ‘நீ எப்பதிப்பு?’ என்று வினவும்பொழுது, இயங்குதளம் பழைய பதிப்பின் பெயரையே விடையாகச் சொல்லும். சிறு பொருத்தக்கேடுகள் பல இவ்வளவிலேயே தீர்ந்துவிடும். ஆனால் 16 பிட் மென்பொருளையும், துளையில்லாச் சாவியையும் இவ்வழி காப்பாற்றாது.

புதிய கணினியினுள்ளே ஒரு பழைய கணினியை அமைத்தல் மூன்றாவது வழி. இது வியப்பானது. பொறியின் உறுப்புகள் அனைத்தையும் மென்பொருளாலேயே போலச்செய்து, அதனுள் பழைய இயங்குதளத்தை நிறுவுவர். இதனை மெய்நிகர் கணினி என்பர். உள்ளே இயங்கும் பழைய மென்பொருள், தான் பழைய வீட்டிலேயே வாழ்வதாகக் கருதித் தன் பணியைச் செய்யும். விண்டோஸுக்கு முற்பட்ட டாஸ் காலத்து மென்பொருள்களுக்கென ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் கருவி 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் விண்டோஸ் மென்பொருள்களை இயக்க 1993ஆம் ஆண்டில் ‘வைன்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. எக்ஸ்பியின் ஆதரவு முடிந்த 2014ஆம் ஆண்டில், தமிழக அரசு தன் துறைகளைப் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. அத்தகைய மாற்றங்களில் வைன் போன்ற கருவிகள் துணைபுரிதல் கூடும். எனினும், எல்லா மென்பொருளும் அவற்றில் இயங்கும் என்று உறுதி கூற இயலாது. மெய்நிகர் கணினியில் நிறுவும் பழைய இயங்குதளத்துக்கும் முறையான உரிமம் வேண்டும். அதனையும் வலைத்தொடர்பின்றி வைத்தலே நன்று.

மென்பொருளைத் துறந்து, அதனால் ஆக்கிய பொருளை மட்டும் மீட்டெடுத்தல் நான்காவது வழி. வடிவமாயின் எங்கும் திறக்கத்தக்க பொதுவான படக்கோப்பாக மாற்றுக; எழுத்தாயின் ஒருங்குறியாக்குக; கணக்காயின் பொதுவான அட்டவணைக் கோப்பாக்குக. இவ்வழியில் உழைப்பு மிகுதி. ஆயினும் இது நெடுங்காலம் நிற்பது. முதல் மூன்று வழிகளும் கருவியின் வாழ்நாளை நீட்டிப்பன. நான்காவது வழியே பொருளைக் கருவியினின்று விடுவிப்பது. முதல் மூன்று வழிகளால் கிடைக்கும் காலத்தை இந்நான்காவது பணிக்குப் பயன்படுத்துவோரே அறிவுடையோர்.

இப்பணியை எம்முறையில் செய்தல் வேண்டும் என்பதை நெசவாளரிடமே கற்கலாம். தறியில் ஒரு பாவு முடியும் நிலையில், பழைய இழைகளை அவர் உருவி எறிவதில்லை. அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே அவற்றின் நுனிகளை விட்டுவைப்பர். புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய இழையின் நுனியோடு முறுக்கிப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளும் பிணைந்தபின், பழைய பாவை மெல்ல இழுக்க, புதிய பாவு தானே அதன்வழி வந்து சேரும். பிணைக்கும் முன்னே பழையதை அறுத்துவிட்டால், ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்கும் பெருந்தொல்லை நேரும்.

இயங்குதளத்தை மாற்றுவோரும் இங்ஙனமே செய்தல் வேண்டும். மாற்றுமுன் கோப்புகள் அனைத்துக்கும் இரண்டு படிகள் எடுத்து, இரண்டு இடங்களில் வைத்தல் முதற்கடமை. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அதன் உரிம எண் யாது, எந்தெந்தக் கோப்புகள் அதனைச் சார்ந்தவை என்று எழுதிவைத்தல் இரண்டாவது. பழைய கணினி இயங்கும்பொழுதே புதியதில் ஒவ்வொரு மென்பொருளையும் இயக்கிப் பார்த்தல் மூன்றாவது. மாற்றிய கோப்பைப் பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பிழை களைதல் நான்காவது. மாற்றியபின்னும் மூலக் கோப்பை அழியாமல் வைத்தல் ஐந்தாவது. இன்று நாம் காணத் தவறிய பிழையை நாளை ஒருவர் அதனைக் கொண்டு திருத்தக்கூடும். இவ்வைந்தும் முடிந்தபின்னரே பழைய கணினிக்கு விடைகொடுத்தல் தகும்.

பொருளைக் காத்துப் பெயர்த்தெழுதும் இவ்வறம் நம் நாட்டுக்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சியில் ஊரகம் எனப்படும் உலகளந்த பெருமாள் கோயிலின் நிவந்தங்களைப் பற்றியும், அந்நகரத்து நெசவாளர் குடியிருப்புகளைப் பற்றியும் அது கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அதனைப் படிக்க நமக்குப் பொறி ஒன்றும் வேண்டுவதில்லை. அக்கால எழுத்தறிவு ஒன்றே போதும்.

அவ்வுத்தம சோழனின் அன்னை செம்பியன் மாதேவியார். பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கிய பெருமாட்டி அவர். திருக்கோடிகாவில் கோயிலைக் கல்லாற் புதுப்பித்தபொழுது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவை பழைய கல்லின் படி என்னும் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. கட்டடம் புதிதாயிற்று, அதில் எழுதிய அறம் அழியவில்லை. முன்னோர் தந்த விளக்குக்கும் நிலத்துக்கும் உரிய சான்றுகள் நம் கைக்கு வந்தது அவ்வன்னையின் முன்னறிவாலேயாம்.

மாணவர்களே! நீங்கள் வளர்ந்து பணி செய்யும் காலத்தில் கணினிகள் பலமுறை மாறும். இன்று புதியதென நாம் போற்றும் இயங்குதளமும் ஒருநாள் பழையதாகும். அதற்காக வருந்த வேண்டுவதில்லை. புதிய பெட்டி வரட்டும். அதில் மாட்டும் அட்டையும் மாறட்டும். அன்னமும் மயிலும் மட்டும் அழியாதிருத்தல் வேண்டும். கருவி கையில் இருக்கும்பொழுதே அதில் அடங்கிய பொருளைப் பொதுவடிவில் எழுதிவைப்பவர், தம் உழைப்பைக் காப்பதோடு, தமக்குப்பின் வருவோர்க்கும் அதனை உரியதாக்குகின்றார்.